கண்ணாடியாய் நிற்கும் கருங்கல்: வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சுவரைக் கருப்பு வெள்ளையிலும் வண்ணத்திலும் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வியட்நாம் போரில் இறந்த, காணாமல் போன அமெரிக்கப் படையினரின் பெயர்களைப் பொறித்த அந்தச் சுவருக்கு முதல்முறை நான் போனது ஒரு அக்டோபர் காலை. குளிருக்குப் பயந்து ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசிப் படங்களில் பெயர்களுக்கு நடுவே ஒரு பரங்கிக்காய் நிற்கிறது. அது நான்தான். சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அதற்குள் தெரிந்ததை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.

இந்த இடத்தைப் படமெடுக்க வருகிற யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் ஒரு பெரிய கண்ணாடியைப் படமெடுக்கிறீர்கள். அதில் என்ன தெரிய வேண்டும், என்ன தெரியக் கூடாது என்று முடிவு செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. கருப்பு வெள்ளையா, வண்ணமா என்ற கேள்விக்கும் பதில் அங்கிருந்துதான் வரும்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

சுவரை வடிவமைத்தவர் மாயா லின். 1981இல் நடந்த போட்டியில் 1,400க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. தேர்வானபோது அவருக்கு வயது 21, யேல் பல்கலைக்கழக மாணவி. 1982 நவம்பரில் திறந்தார்கள். சுவரின் இரண்டு கைகளும் சுமார் 75 மீட்டர் நீளம். விரித்து வைத்த புத்தகம் போல 125 டிகிரி கோணத்தில் சேர்கின்றன. ஒரு கை லிங்கன் நினைவகத்தையும், மறு கை வாஷிங்டன் நினைவுத் தூணையும் காட்டுகிறது. ஓரங்களில் சுவர் 20 சென்டிமீட்டர்தான். நடக்க நடக்கப் பாதை கீழே இறங்கும், சுவர் உயரும். மூலையில் மூன்று மீட்டர் உயரத்துக்கு உங்கள் தலைக்கு மேலே நிற்கும். பின்னால் ஓடும் கான்ஸ்டிடியூஷன் அவென்யூவின் வண்டிச் சத்தமும் அங்கே அமுங்கிவிடும்.

58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அகர வரிசை கிடையாது. இறந்த அல்லது காணாமல் போன நாளின் வரிசை. மூலையில் கிழக்குக் கையின் முதல் கற்பலகையில், 1959 என்ற ஆண்டின் கீழ் தொடங்கி, கிழக்கு ஓரம் வரை போய், பிறகு மேற்கு ஓரத்தில் மறுபடி தொடங்கி, மூலைக்கே திரும்பி வந்து 1975இல் முடிகிறது. போரின் முதல் பெயர்களும் கடைசிப் பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில். இது தெரியாமல் போனால் அந்த மூலை வெறும் மூலையாகத்தான் தெரியும்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நம் பக்கத்துக் கல், பெங்களூரிலிருந்து போனது. கருங்கல் கனடாவிலும் சுவீடனிலும் உண்டு. ஆனால் போருக்குப் போக மறுத்தவர்கள் தஞ்சம் புகுந்த நாடுகள் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். வெர்மான்ட் மாநிலத்து பாரி ஊரில் அறுத்து மெருகேற்றி, மெம்பிஸில் பெயர்களைப் பொறித்தார்கள். கருப்பு அவமானத்தின் நிறம், வெள்ளைக் கல்லில் கட்டுங்கள் என்று சண்டை பிடித்தவர்களும் அன்று இருந்தார்கள். வெள்ளைக் கல்லில் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

முதல் படி: உடுப்பு, கருவி

கருப்பு அல்லது அடர்நிறச் சட்டை. சிரிக்காதீர்கள், இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வரி இதுதான். கேமராவின் தோள் வாரில் பளிச்சென்று மஞ்சள் எழுத்து இருந்தால் அதையும் உள்பக்கம் திருப்பிவிடுங்கள்.

லென்ஸ் இரண்டு போதும். அகலமாகப் பிடிக்க 28 அல்லது 35 மி.மீ. ஒன்று, கிட்டத்தில் இழுக்க 85 மி.மீ. ஒன்று. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்ட்டர் கட்டாயம். ஃபிலிமில் எடுப்பவர் என்றால் 400 வேகத்தில் ஏதாவது ஒரு கருப்பு வெள்ளைச் சுருள், கூடவே ஒரு ஆரஞ்சு அல்லது சிவப்பு ஃபில்ட்டர். ட்ரைபாடை விட்டுவிடுங்கள். பாதை குறுகல், சக்கர நாற்காலியில் வருபவர்கள் அதிகம், மூன்று காலை விரித்து நிற்க மனசும் வராது. இடத்தைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை எங்கே எதை அனுமதிக்கிறது என்பது அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ட்ரோன் என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த நகரத்து வானமே அதற்குத் தடை. ஃப்ளாஷும் வேண்டாம். கல்லில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி வரும்.

போன் மட்டும் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். பெயரைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தை விரலால் கீழே இழுத்துவிட்டால் அரைக்கிணறு தாண்டியாயிற்று. போர்ட்ரெய்ட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். கல்லில் தெரியும் முகம் எது, நிஜ முகம் எது என்று அதற்குப் புரியாது.

இரண்டாம் படி: நேரம்

சுவர் 24 மணி நேரமும் திறந்திருக்கும். அருகிலுள்ள மெட்ரோ ஃபாகி பாட்டம், அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும்.

மேற்குக் கை தென்கிழக்கைப் பார்க்கிறது. காலை வெயில் அதன் மேல் நேராக விழும். பிற்பகலில் வெயில் பக்கவாட்டில் வழுக்கி, அப்புறம் நிழலுக்குப் போய்விடும். கிழக்குக் கை ஏறக்குறைய தெற்கைப் பார்ப்பதால் மாலை வரை வெயில் வாங்கும். அதாவது ஒரு கையில் வெயிலும் மறு கையில் நிழலுமாக, மூலையில் இரண்டு தொனிகள் மோதும் நேரம் பிற்பகல். கருப்பு வெள்ளைக்காரர்கள் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்துக்கு நான் போவது விடிந்து அரை மணிக்குள், அல்லது சூரியன் விழுந்த பிறகு. சுவரின் அடியில் இருக்கும் விளக்குகள் எரியத் தொடங்கி, மேலே வானம் இன்னும் நீலமாக இருக்கும் இருபது நிமிடம் உண்டு. கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வரை ஏற்றினால் கையிலேயே எடுக்கலாம். மேகமூட்டமான நாள் இரண்டுக்கும் பொது, நிதானமாக வேலை செய்யலாம்.

மழை நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஈரக் கல் அழகாக இருக்கும் என்று குடையோடு ஓடினேன். கல் அழகாகத்தான் இருந்தது, பெயர்களைத்தான் காணவில்லை. பொறித்த எழுத்து வெளிறித் தெரிவதே அதன் சொரசொரப்பால்தான். தண்ணீர் அதில் நிறைந்தால் எழுத்தும் சுற்றியுள்ள கல்லும் ஒரே கருப்பாகிவிடும். மழை விட்டு, பாதி காய்ந்த நேரத்தில் போனால் சில பெயர்கள் வந்தும் சில வராமலும் இருக்கும். அது ஒரு படம். அதற்காகக் காத்திருக்கலாம்.

மே மாதக் கடைசித் திங்களான மெமோரியல் டேயும், நவம்பர் 11 வெட்டரன்ஸ் டேயும் கூட்டம் நெரியும் நாட்கள். மனிதர்கள் வேண்டுமென்றால் அன்று போங்கள். சுவர் வேண்டுமென்றால் ஜனவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

மூன்றாம் படி: கல்லைப் படிப்பது

கேமராவை எடுப்பதற்கு முன் ஒரு முறை முழுக்க நடங்கள். பிறகு ஒரு பலகைக்கு முன் நின்று இதைச் செய்து பாருங்கள். நேராக நின்றால் உங்கள் கருஞ்சட்டை கல்லில் தெரியும். அந்தச் சட்டைக்குள் இருக்கும் பெயர்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அரை அடி நகருங்கள். சட்டை இருந்த இடத்தில் வானம் வந்துவிடும், அதே பெயர்கள் மங்கிவிடும். மெருகேற்றிய கல் எதிரே இருப்பதை அப்படியே திருப்பித் தருகிறது. பொறித்த எழுத்தோ எல்லாப் பக்கத்து ஒளியையும் வாங்கிச் சிதறடித்து, எப்போதும் ஒரே சாம்பலாக நிற்கிறது. பின்னால் கருப்பு வந்தால் எழுத்து வெள்ளை. பின்னால் வானம் வந்தால் எழுத்து காணாமல் போகும். அந்த மரம், இந்த மனிதர், அந்த நிழல் என்று எழுத்துக்குப் பின்னால் எதை நிறுத்துவது என்பதை உங்கள் கால்கள்தான் தீர்மானிக்கின்றன, லென்ஸ் இல்லை.

போலரைசரும் இங்கேதான் உதவும். ஆனால் எல்லாக் கோணத்திலும் இல்லை. சுவருக்கு நேராக நின்று திருகினால் ஒன்றும் நடக்காது. சுவரோடு ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் பார்க்கும்படி ஒதுங்கி நின்று திருகுங்கள், பிரதிபலிப்பு சுத்தமாகக் கரைந்து கல் மையிருட்டாகி எழுத்துகள் மட்டும் நிற்கும். முழுவதும் கரைத்துவிடாமல், முக்கால்வாசியில் நிறுத்தினால் மரத்தின் கோடு லேசாகத் தங்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். பிரதிபலிப்பை அடியோடு எடுத்துவிட்டால் அது வேறு எந்தக் கல்வெட்டாகவும் இருக்கலாமே.

இன்னொன்று. மேற்குக் கைக்கு முன்னால் நின்று, சற்று வலப்பக்கம் பார்த்தால் பெயர்களின் நடுவே 169 மீட்டர் உயர வாஷிங்டன் தூண் கல்லுக்குள் நிற்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பது கையெட்டும் தூரத்தில். அஞ்சலட்டைக்காரர்கள் எல்லோரும் எடுத்ததுதான். இருந்தாலும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்காமல் வந்தால் இரவு தூக்கம் வராது.

நான்காம் படி: ஃபோகஸும் வெளிச்சமும்

கல்லில் தெரியும் பிம்பம் கல்லின் மேல் இல்லை, கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் 1 மீட்டர் தள்ளி நின்றால் பெயர் 1 மீட்டரில், உங்கள் முகம் 2 மீட்டரில். எதில் ஃபோகஸ் என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. கேமராவிடம் விட்டால் அது முகத்தைத் தேடிப் போய் நிற்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் கூர்மையாக வேண்டுமென்றால் முழு ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ளது) 35 மி.மீ. லென்ஸ், எஃப் 11 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸ் 1.3 மீட்டரில். ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை பிடித்துவிடும். பெயரோடு தூரத்து மரமும் தூணும் வேண்டுமென்றால் 28 மி.மீ., எஃப் 16, ஃபோகஸ் 1.6 மீட்டர். 50 மி.மீ. லென்ஸில் இந்த வித்தை நடக்காது, மல்லுக்கட்ட வேண்டாம். அதை எஃப் 2.8இல் திறந்து, பெயரை மட்டும் கூர்மையாக்கி, நிற்கும் ஆளை நிழலாகக் கரைத்துவிடுங்கள்.

வெளிச்ச விஷயத்தில் கேமரா ஏமாறும். படச் சட்டம் முழுக்கக் கருப்பாக இருந்தால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை 1 முதல் 1.7 ஸ்டாப் வரை குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி). வானமும் சட்டத்துக்குள் வந்தால் அவ்வளவு குறைக்கத் தேவைப்படாது. இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் இடப்பக்கம் மலை போல் குவிந்திருந்தால் பதற வேண்டாம், அது கல். வலப்பக்க ஓரத்தில் முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ரா ஃபைலில், அதாவது கேமரா கைவைக்காத மூலக் கோப்பாக, எடுங்கள்.

நிறத்தைச் சமன் செய்யும் வொயிட் பேலன்ஸை 5,500 கெல்வின் அருகில் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் ஒரு படத்தில் கல் பச்சையாகவும் அடுத்ததில் நீலமாகவும் வரும். கல்லுக்குச் சொந்த நிறம் கிடையாது, எதிரே புல் இருந்தால் புல், வானம் இருந்தால் வானம்.

ஐந்தாம் படி: கருப்பு வெள்ளையா, வண்ணமா

ரெண்டிலும் எடுத்துவிட்டு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதில் என்ன ஆகிறதென்றால், இரண்டுக்கும் பொதுவான ஒரு சுமாரான படம்தான் கிடைக்கும். ஷட்டரை அழுத்தும் முன் உங்களை நிறுத்தியது எது என்று கேட்டுப் பாருங்கள். ஒளி, கோடு, மனிதரும் அவருடைய பிம்பமும் கலக்கும் இடம் என்றால் கருப்பு வெள்ளை. கருப்பு வெள்ளையில் நிற்கிறவரின் சட்டையும் கல்லுக்குள் இருக்கும் அவருடைய சட்டையும் ஒரே சாம்பலாகிவிடும். எது வெளியே எது உள்ளே என்று கண் ஒரு கணம் தடுமாறும். வண்ணத்தில் அந்தத் தடுமாற்றம் நடக்காது, நிஜத் தோலின் நிறம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வண்ணம் வேண்டிய இடம் சுவரின் அடி. மக்கள் விட்டுப்போகும் பொருட்கள் அங்கேதான் இருக்கும். ஒருமுறை நான் பார்த்தது: ஒற்றைச் சிவப்பு ரோஜா, நான்காக மடித்த ஒரு மஞ்சள் தாள், அதன் மேல் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல். குனிந்து, கேமராவைத் தரையோடு வைத்துப் பார்த்தால் ரோஜா இரண்டாகிவிட்டது. வெளியே இருந்தது நல்ல சிவப்பு, கல்லுக்குள் இருந்தது காய்ந்த ரத்தத்தின் நிறம். அந்த வித்தியாசம்தான் படம். அதைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் இரண்டு சாம்பல் பூக்கள், அவ்வளவுதான். பொருட்களைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், உங்கள் பங்குக்கு ஒரு பூ வாங்கி வைத்து எடுக்கவும் எடுக்காதீர்கள். பூப்போல வாடுபவை தவிர மற்றவற்றைப் பூங்காத் துறையினர் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள்.

மூலையில் 1959ஐயும் 1975ஐயும் ஒரே சட்டத்தில் எடுப்பதென்றால் எனக்குக் கருப்பு வெள்ளைதான். 1959 கிழக்குப் பலகையின் மேலே, 1975 மேற்குப் பலகையின் அடியில். நெடுக்குவாக்கில் பிடித்து, சுவரிலிருந்து எட்டுப் பத்து அடி பின்னால் போக வேண்டும். பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிகளையும் கிட்டத்தில் எடுங்கள். வைரக் குறி என்றால் இறப்பு உறுதியானது, சிலுவைக் குறி என்றால் காணாமல் போனவர். பின்னாளில் உறுதியானால் சிலுவையின் மேலேயே வைரத்தைப் பொறிப்பார்கள். எழுத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. 85 மி.மீ. லென்ஸில் குறைந்தபட்ச தூரத்துக்கு நெருங்கினால் அந்தத் திருத்தம் தெரியும்.

அருகில் இருக்கும் சிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட்ரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்கள் சிலை 1984இல் வந்தது. வெண்கலத்திலேயே தோலுக்கும் உடுப்புக்கும் வெவ்வேறு சாயல் கொடுத்திருப்பார், அதனால் வண்ணம். க்ளென்னா குடேக்கர் செய்த பெண்கள் நினைவகம் 1993இல் வந்தது. சுவரில் இருக்கும் 8 பெண்களுக்காக 8 மரங்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. இலையுதிர்ந்த மாதத்தில் கருப்பு வெள்ளை, இலையுள்ள காலத்தில் எதுவும்.

ஆறாம் படி: மனிதர்கள்

பென்சிலால் தேய்த்துப் பெயரைத் தாளில் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். பெயரின் மேல் விரல் வைத்து நிற்கிறவர்களைப் பார்ப்பீர்கள். முதுகுப்புறமிருந்து, தூரத்திலிருந்து எடுத்தால் பரவாயில்லை என்பது என் கணக்கு. முகம் தெரிந்தால் கேட்டுவிட்டு. அழுகிறவரிடம் கேட்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

ஒருநாள் வயதான ஒருவர், என் கேமராவைப் பார்த்துவிட்டு, அந்த உயரத்தில் இருக்கும் பெயரை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவருடைய போனில் பெயர் வரவில்லை, வானம்தான் வந்தது. நான் என் கருஞ்சட்டையோடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, என் பிம்பம் அந்தப் பெயரின் மேல் வரும்படி ஒதுங்கி, அவரையே அழுத்தச் சொன்னேன். வந்துவிட்டது. ஆரஞ்சு ஜாக்கெட்டில் போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: வீட்டில்

கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது வண்ணக் கலவை ஸ்லைடர்களில் நீலத்தை இறக்குங்கள், கல்லில் தெரியும் வானம் இருண்டு எழுத்து மேலே வரும். ஃபிலிமில் சிவப்பு ஃபில்ட்டர் செய்கிற வேலை இதுதான். ஆரஞ்சை லேசாக ஏற்றினால் முகங்கள் கல்லிலிருந்து பிரியும். பச்சை உங்கள் விருப்பம். கல்லை முழுக் கருப்பாக்கிவிடாதீர்கள். ஒரு சிட்டிகை சாம்பலாவது இருக்கட்டும், இல்லையென்றால் அச்சில் தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஒற்றைப் பெயரை எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் பிரஷ்ஷால் மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றினால் போதும், அதற்கு மேல் போனால் போலி என்று தெரிந்துவிடும்.

வண்ணத்தில் செய்ய வேண்டியது குறைவு. சிவப்பின் செறிவை இறக்குங்கள். கொடியும் ரோஜாவும் டிஜிட்டலில் எப்போதும் கத்தும். நிழலில் தேங்கும் நீலத்தை மட்டும் கொஞ்சம் துடையுங்கள்.

எல்லாம் கருப்பு வெள்ளை, ரோஜா மட்டும் சிவப்பு என்று ஒரு வித்தை இருக்கிறதே, அதைக் கல்யாண ஆல்பத்தோடு விட்டுவிடுங்கள்.

அச்சுக்கு மேட் தாளா, பளபளப்பா என்று கேட்பார்கள். மூலைப் படத்தை நான் இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். மேட் தாளில் கருப்பு அடங்கி அழகாக வந்திருந்தது, அதை அலமாரியில் வைத்துவிட்டேன். பளபளப்புத் தாளில் போட்டதை ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு 1959க்கும் 1975க்கும் நடுவில் எங்கள் ஜன்னலும், அதில் காயப்போட்ட துண்டும் தெரிகின்றன.